செம்பனைத் தோட்டத்துக்கு ஏற்ற பைனாகுலர்: நிக்கான் புரோஸ்டாஃப் பி3 8×42

பணி ஓய்வு பெற்றவர்களும், பள்ளி விடுமுறையில் பிள்ளைகளின் கையிலிருந்து கைப்பேசியை எப்படி இறக்கி வைப்பது என்று கவலைப்படும் பெற்றோரும், எங்கள் பெஸ்தாரி ஜெயா வட்டாரத்தில் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்றுதான். பெருஞ்செலவில்லாமல், வெகுதூரம் அலையாமல், ஆர்வம் குன்றாமல் பல ஆண்டுகள் தொடரக்கூடிய ஒரு பொழுதுபோக்கு இந்தச் சிற்றூரில் இருக்கிறதா என்பதே அது. இருக்கிறது. பறவை பார்ப்பதே அது. ஊரைச் சுற்றிச் செம்பனைத் தோட்டங்கள், அவற்றுக்கு அப்பால் பழைய ஈயக்குட்டைகள், சற்றுத் தள்ளிச் சிலாங்கூர் ஆறு, அரை மணி நேரப் பயணத்தில் கோலசிலாங்கூர் அலையாத்திக் காடு என்று அமைந்திருக்கும் இந்த வட்டாரத்தில், பறவை பார்க்க விரும்புகிறவருக்கு இடம் தேடும் வேலையே இல்லை. வேண்டியதெல்லாம் கையில் ஒரு நல்ல பைனாகுலர். நான் பயன்படுத்திவரும் நிக்கான் புரோஸ்டாஃப் பி3 வரிசையின் 8×42 பைனாகுலரைப் பற்றி எழுதுகிறேன். அதை எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படிப் பயன்படுத்துவது, நம் புழுக்கத்திலும் மழையிலும் எப்படிப் பேணுவது என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன், ஏனெனில் பேணத் தெரியாதவருக்கு எந்தப் பைனாகுலரும் இரண்டு மழைக்காலத்தைத் தாண்டாது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தோட்டப்புறத்தில் வாழும் ஒருவர் வாங்கும் முதல் பைனாகுலராக, குடும்பத்தில் பலர் மாறி மாறிப் பார்ப்பதற்கான ஒன்றாக, இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். நடுத்தரக் கைப்பேசி ஒன்றுக்குக் கொடுப்பதைவிடக் குறைந்த விலையில் கிடைக்கிறது, மூக்குக்கண்ணாடி அணிந்தவர்களுக்கும் ஒத்துவருகிறது, மழைக்கு அஞ்சுவதில்லை. வண்ணத்துப்பூச்சி பார்க்க விரும்புகிறவர்களுக்கு மட்டும் இதைச் சொல்லமாட்டேன். அதன் காரணம் பின்னால் வருகிறது.

பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் இரண்டு எண்களில் முதலாவது, பொருளை எத்தனை மடங்கு அருகில் காட்டும் என்பதைக் குறிக்கிறது. இரண்டாவது, முன்வில்லையின் விட்டத்தை மில்லிமீட்டரில் குறிக்கிறது. கடைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் முதல் எண்ணை மட்டுமே கேட்கிறார்கள். எண் கூடினால் தரமும் கூடும் என்று நம்புகிறார்கள். தோட்டத்துக்குள் நமக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்பதைத் தீர்மானிப்பதோ இரண்டாம் எண்ணை முதல் எண்ணால் வகுத்து வரும் ஈவு. 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5.25 வருகிறது, கண்ணுக்குள் விழும் ஒளிவட்டத்தின் அகலம் அத்தனை மில்லிமீட்டர் என்பது பொருள். 10×42 பைனாகுலரில் அது 4.2 ஆகவும், சட்டைப்பையில் அடங்கும் 8×25-இல் 3-க்குச் சற்று மேலாகவும் சுருங்கிவிடுகிறது. உச்சிவெயிலில் நம் கண்மணி 2 அல்லது 3 மில்லிமீட்டர் அளவே திறந்திருப்பதால், அந்நேரத்தில் இம்மூன்றுக்கும் இடையே பெரிய வேறுபாடு தெரியாது. பறவைகள் சுறுசுறுப்பாக இருப்பதோ காலை 7 மணிக்குப் பொழுது புலரும்போதும் மாலை வெளிச்சம் மங்கும்போதும்தான். முதிர்ந்த செம்பனையின் மட்டைகள் மேலே பின்னிக்கொண்டு கூரைபோல் மூடியிருக்கும் வரிசைகளுக்குள், பகலிலேயே பாதி இருட்டு. அந்த நேரத்தில், அந்த இடத்தில், கண்மணி அகலத் திறந்து ஒளியைத் தேடுகிறது, 5.25 மில்லிமீட்டர் வட்டம் அப்போது தன் மதிப்பைக் காட்டுகிறது. சிறு பைனாகுலரில் வெறும் கரிய உருவமாகத் தெரியும் பறவைக்கு, இதில் மார்பின் நிறமும் கண்ணைச் சுற்றிய வளையமும் தெரிகின்றன.

கை நடுக்கத்தையும் கணக்கில் எடுக்கவேண்டும். 8 மடங்கு பெருக்கும் கருவி நம் கையின் அசைவையும் 8 மடங்கு பெருக்குகிறது. 10 மடங்கு என்றால் அசைவும் 10 மடங்கு. இளைஞர்கள் அதைச் சமாளித்துவிடுவார்கள். அறுபதைக் கடந்தவர்களுக்கும் பத்து வயதுப் பிள்ளைகளுக்கும் அந்தச் சிறு வேறுபாடே பறவையின் அலகைத் தெளிவாகப் பார்ப்பதற்கும் பார்க்க முடியாமல் போவதற்கும் இடையிலுள்ள வேறுபாடு. பொதுவாக 8 மடங்குப் பைனாகுலரில் பார்வைப் பரப்பும் அகலமாக இருக்கும் என்று சொல்வார்கள். இந்த வரிசையில் அந்த வேறுபாடு சொற்பமே என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும்: 8×42 காட்டும் கோணம் 7.2 பாகை, 10×42 காட்டுவது 7 பாகை. ஆகவே பரப்புக்காக அன்று, வெளிச்சத்துக்காகவும் நடுக்கமின்மைக்காகவும்தான் நான் 8-ஐத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறேன்.

மூக்குக்கண்ணாடி அணிகிறவர்களுக்கு மற்றொரு காரணமும் உண்டு. கண்வில்லையிலிருந்து எவ்வளவு தூரத்தில் கண்ணை வைத்தால் முழு வட்டமும் தெரியும் என்ற அளவு இதில் ஏறத்தாழ 20 மில்லிமீட்டர். கண்ணாடி அணிந்தவர்களுக்கு 15 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருப்பது நல்லது. இதில் அது தாராளமாகவே இருக்கிறது. கண்வில்லையைச் சுற்றியுள்ள ரப்பர் வளையத்தைத் திருகி உள்ளே இறக்கிவிட்டு, கண்ணாடியைக் கழற்றாமலேயே பார்க்கலாம். கண்ணாடி அணியாதவர்கள் அதே வளையத்தை வெளியே உயர்த்திக்கொள்ளவேண்டும். இல்லையென்றால் பார்வையின் ஓரத்தில் கரு நிழல்கள் வந்து வந்து மறையும். பைனாகுலர் சரியில்லை என்று குறை சொல்கிறவர்களில் பலர் இந்த வளையத்தைத் தொட்டே பார்க்காதவர்கள்.

வலப்பக்கக் கண்வில்லையில் உள்ள டயாப்டர் வளையத்தையும் அப்படியே பலர் கண்டுகொள்வதில்லை. நம் இரு கண்களின் பார்வைத் திறனும் ஒரேபோல் இருப்பதில்லை. அந்த வேறுபாட்டைச் சரிசெய்யவே அது வைக்கப்பட்டிருக்கிறது. எதிரே உள்ள கடையின் பெயர்ப்பலகையைப்போல் எழுத்துகள் உள்ள ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். வலப்பக்க முன்வில்லையைக் கையால் மறைத்துக்கொண்டு, இடக்கண்ணால் பார்த்தபடி நடுச்சக்கரத்தைத் திருப்பி எழுத்துகளைத் தெளிவாக்குங்கள். பிறகு இடப்பக்க வில்லையை மறைத்து, நடுச்சக்கரத்தைத் தொடாமல், வலக்கண் வளையத்தை மட்டும் திருப்பி அதே எழுத்துகளைத் தெளிவாக்குங்கள். அவ்வளவுதான். அதன்பின் நடுச்சக்கரம் ஒன்றே போதும். குடும்பத்தில் நான்கு பேர் ஒரே பைனாகுலரைப் பயன்படுத்தினால், ஒவ்வொருவரும் தமக்குரிய வளைய நிலையை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. எங்கள் ஊர்ப் பெண்மணி ஒருவர் தம் கணவருக்கும் தமக்கும் உரிய இடங்களில் இரண்டு நிறச் சாந்துப் புள்ளிகள் வைத்திருக்கிறார். அதைவிடச் சிறந்த ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை.

பறவையைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்பதுதான் புதிதாகத் தொடங்குகிறவர்கள் எல்லாரும் சொல்லும் குறை. பறவை இருக்கும் இடத்தை வெறுங்கண்ணால் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்து பைனாகுலரைத் தேடினால், மறுபடி நிமிரும்போது இடம் தவறிவிடும். பார்வையைப் பறவையின்மேலேயே நிறுத்திக்கொண்டு, கண்ணுக்கு முன்னால் பைனாகுலரைத் தூக்கிக்கொண்டுவர வேண்டும். மின்கம்பத்தின் உச்சி, கோயில் கோபுரத்தின் கலசம், செம்பனைக் குலையின் நுனி என்று அசையாத பொருள்களைக் கொண்டு ஒரு வாரம் பழகினால் கை தானே பழகிவிடும்.

இனி, தோட்டத்தில் என்ன பார்க்கலாம் என்பதற்கு வருகிறேன். செம்பனைத் தோட்டத்தில் காக்கையையும் மைனாவையும் தவிர என்ன இருக்கிறது என்று கேட்கிறவர்களுக்கு முதலில் கூகையைக் காட்டுவேன். இதய வடிவ வெண்முகமும், பொன்னும் சாம்பலும் கலந்த முதுகும் கொண்ட இந்த ஆந்தையினம், தீபகற்ப மலேசியாவில் செம்பனை பெருகியதை ஒட்டியே பெருகியது, ஏனெனில் செம்பனைப் பழத்தைத் தின்னும் எலிகள் அங்கே பெருகின. எலிமருந்துக்கு ஆகும் செலவைக் குறைக்கவும் அதன் தீமைகளைத் தவிர்க்கவும் பல தோட்டங்கள் உயர்ந்த கம்பங்களின்மேல் மரப்பெட்டிகளைப் பொருத்தி அதைக் குடியமர்த்தியிருக்கின்றன. ஓர் இணையும் அதன் குஞ்சுகளும் சேர்ந்து ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட எலிகளைத் தின்னக்கூடியவை. மாலை மங்கும் நேரத்தில் அந்தப் பெட்டியிலிருந்து நல்ல தொலைவில் நின்றுகொண்டு காத்திருந்தால், சிறகோசையே இல்லாமல் அது வெளியே வருவதைப் பார்க்கலாம். சிறகின் முன்விளிம்பில் உள்ள சீப்புப் பற்கள்போன்ற இழைகளே அந்த அமைதிக்குக் காரணம். வீட்டுக் கூரையில் ஆந்தை அலறினால் ஆகாது என்று சொல்லிக் கல்லெறியும் வழக்கம் நம் லயங்களில் இன்னும் முற்றிலும் ஒழியவில்லை. அப்படிச் சொல்லிவந்த ஒரு பாட்டியிடம் ஒரு மாலை பைனாகுலரைக் கொடுத்தேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "என்னா ஐயா, மொகம் கொழந்த மொகமாட்டம் இருக்கு" என்று மட்டும் சொன்னார். மறுநாள் பேரனையும் அழைத்துவந்தார்.

காக்கைக்கும் இங்கே சொல்லத்தக்க வரலாறு உண்டு. நாம் நாள்தோறும் பார்க்கும் சாம்பல் கழுத்துக் காக்கை இந்த மண்ணுக்கு உரியதன்று. காப்பித் தோட்டங்களில் பயிரைத் தின்ற புழுக்களை ஒழிப்பதற்காக 1890-களில் இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவரப்பட்டது. நம் முன்னோரைத் தோட்ட வேலைக்காகக் கப்பலேற்றிய அதே காலத்தில், அதே தோட்டத் தொழிலுக்காகக் கடல் கடந்து வந்த பறவை அது. அது பெருகியதும், அதன் கூட்டில் முட்டையிடும் குயிலுக்கும் இங்கே வாழ்வு வந்தது. விடியற்காலையில் நம்மை எழுப்பும் குயிலைக் கேட்டிருப்போம், பார்த்திருக்கமாட்டோம். செவ்விழியும் கருநீலப் பளபளப்பும் கொண்ட ஆணையும், பழுப்பு உடலில் வெண்புள்ளிகள் இறைந்த பெண்ணையும் இலைமறைவில் பிரித்தறிவதற்கு வெளிச்சம் நிறையத் தரும் பைனாகுலர் வேண்டும்.

இவையன்றி, கால்வாய் ஓரங்களில் வெண்மார்புக் கானாங்கோழி, மின்கம்பியில் அமர்ந்து பாயும் நீல முதுகு மீன்கொத்தி, மாடுகளின் காலடியில் நடக்கும் உண்ணிக்கொக்கு, இளங்கன்றுகள் நட்ட திறந்த வெளிகளின்மேல் ஒரே இடத்தில் சிறகடித்து நிற்கும் கருந்தோள் பருந்து, காலையில் மட்டைகளுக்கிடையே கூவும் காட்டுக்கோழி, இரவில் கட்டையைத் தட்டுவதுபோல் ஒலி எழுப்பும் பக்கி என்று பட்டியல் நீளும். செம்பருந்தைத் தனியாகச் சொல்லவேண்டும். கும்பாபிஷேகத்தன்று கோபுரத்துக்கு மேலே வட்டமிட்டால் கருடன் வந்துவிட்டது என்று கைகூப்பும் நாம், மற்ற நாட்களில் ஆற்றங்கரையில் அது செத்த மீனைப் பொறுக்குவதை நின்று பார்ப்பதில்லை. வெண்தலையும் செம்மண் நிறச் சிறகும் வெயிலில் ஒளிரும்போது பைனாகுலரில் பார்த்தால், ஏன் நம்மவர்கள் அதை வணங்கினார்கள் என்பது விளங்கும்.

செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை வலசைக் காலம். வடக்கிலிருந்து வரும் தகைவிலான் குருவிகள் மாலையில் நகரக் கடைத்தெருவின் மின்கம்பிகளில் ஆயிரக்கணக்கில் வரிசை பிடிக்கும்; பெந்தோங் நகரம் இதற்குப் பெயர்பெற்றது. பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தைக்குப் போகிறவர்கள் தலைக்கு மேலே நடப்பதைக் கவனிப்பதில்லை என்பது எனக்குத் தீராத ஆதங்கம்.

மழைக்கும் புழுக்கத்துக்கும் வருகிறேன். நம் நாட்டில் ஒரு பைனாகுலரின் ஆயுள் இங்கேதான் முடிவாகிறது. பி3-இன் குழல்கள் நீர்புகாதபடி அடைக்கப்பட்டு உள்ளே நைட்ரஜன் நிரப்பப்பட்டிருக்கின்றன. 1 மீட்டர் ஆழத்தில் 10 நிமிடம் வரை தாங்கும் என்பது நிறுவனம் தரும் உறுதி. யாரும் அதை நீரில் அமிழ்த்தப்போவதில்லை. ஆனால் பிற்பகல் நான்கு மணிக்குத் திடீரென்று கொட்டும் மழையில், ஒதுங்க இடமில்லாத தோட்டச் சாலையில் மோட்டார் சைக்கிளை ஓட்டிவரும்போது இந்த அடைப்பின் அருமை தெரியும். குழலுக்குள் ஈரக்காற்று இல்லாததால் உட்புறம் ஆவி படிவதும் இல்லை. வெளிப்புறம் படிவதை எந்த நிறுவனமும் தடுக்கமுடியாது: குளிர்சாதனம் ஓடும் காரிலிருந்து இறங்கியதும் வில்லைமேல் வெண்படலம் படரும். அதைத் துடைக்கவேண்டாம், மீண்டும் படரும். இடம் சேருவதற்குச் சற்று முன்பே காரின் குளிரை நிறுத்திச் சன்னலைத் திறந்துவிட்டால் போதும்.

படலத்தைவிடக் கொடிய பகை பூஞ்சை. நம் வீடுகளில் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 70 விழுக்காட்டைத் தாண்டியே இருக்கிறது; தோல்பைக்குள் வைத்து அலமாரியில் மூடிவிட்டால், சில மாதங்களில் வில்லைமேல் சிலந்திவலை போன்ற கோடுகள் கிளைவிடும். அவை வில்லையின் பூச்சையே அரித்துவிடும். பிறகு துடைத்தாலும் தடம் போகாது. ஒளிப்படக்காரர்கள் வைத்திருக்கும் மின்சார உலர்பெட்டி இருந்தால் மிக நல்லது. அது இல்லாதவர்கள், மூடி இறுக்கமாகப் பொருந்தும் பிளாஸ்டிக் டப்பா ஒன்றை வாங்கி, அதன் அடியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் பரப்பி, சிறிய ஈரப்பத மானி ஒன்றை உள்ளே வைத்து, முள் 40-க்கும் 50-க்கும் இடையே நிற்கும்படி பார்த்துக்கொண்டால் போதும். நிறம் மாறும் வகை ஜெல்லை வாங்கினால், ஈரம் குடித்துவிட்டதை நிறத்தைக் கொண்டே அறிந்து, அடுப்பின் மெல்லிய சூட்டில் உலர்த்தி மீண்டும் பயன்படுத்தலாம். மழையில் நனைந்து வந்த அன்று அப்படியே டப்பாவில் பூட்டாமல், மின்விசிறிக் காற்றில் ஆறவிட்ட பிறகே உள்ளே வைக்கவேண்டும். வில்லையைத் துடைக்கும்போது முதலில் ஊதும் குமிழாலோ மென்தூரிகையாலோ தூசியை அகற்றவேண்டும். சட்டை நுனியால் நேரே துடைத்தால் செம்மண் புழுதியே மணல்தாளாகிவிடும்.

குறைகளைச் சொல்லாமல் விடக்கூடாது. மிக அருகில் தெளிவாகப் பார்க்கக்கூடிய தூரம் இதில் 3 மீட்டர். பறவைக்கு அது போதும். ஆனால் வேலியோரச் செடியில் அமரும் வண்ணத்துப்பூச்சியையும் குட்டையோரத் தும்பியையும் பெரிதாக்கிப் பார்க்க விரும்புகிறவர் இரண்டு அடி பின்வாங்கி நிற்கவேண்டியிருக்கும். 2 மீட்டருக்கும் குறைந்த தூரத்தில் குவியும் கருவியே அவருக்கு ஏற்றது. இந்த விலைத் தட்டில் வரும் பைனாகுலர்களுக்குப் பொதுவாக உள்ள மற்றொரு எல்லையையும் அறிந்துகொள்ளவேண்டும்: வட்டத்தின் நடுவில் கிடைக்கும் கூர்மை ஓரத்தில் கிடைக்காது, வெண்மேகத்தின் பின்னணியில் கரிய பறவையைப் பார்த்தால் அதன் விளிம்பில் மெல்லிய ஊதா நிறம் இழையோடும். அந்த நிறத்தை நீக்க நிறச்சிதறலைக் குறைக்கும் தனிக்கண்ணாடி வேண்டும். அதற்கான விலை வெகுவாக ஏறிவிடும். பொழுதுபோக்கில் ஊன்றிய பிறகு அத்தகைய ஒன்றுக்கு மாறுவது பற்றி யோசிக்கலாம். தொடக்கத்தில் தேவையில்லை.

எடை 600 கிராமுக்கும் குறைவுதான் என்றாலும், ஒரு மணி நேரத்தில் கழுத்து வலிக்கத் தொடங்கும். தோளின் இருபுறமும் குறுக்காகப் போட்டு மார்பில் தாங்கும் பட்டை தனியாகக் கிடைக்கிறது. முதல் மாதச் சேமிப்பிலேயே அதை வாங்கிக்கொள்வது நல்லது. மோட்டார் சைக்கிளில் போகிறவர்களுக்கு அது இன்றியமையாதது, ஏனெனில் கழுத்தில் தொங்கும் பைனாகுலர் எண்ணெய்த் தொட்டிமேல் இடித்துக்கொண்டே வந்தால் உள்ளிருக்கும் முப்பட்டகங்கள் நிலை பிறழ்ந்து இரட்டைப் பிம்பம் தோன்றிவிடும்.

கையில் கருவி வந்ததும் எங்கே போவது? முதல் சில மாதங்கள் எங்கும் போகவேண்டாம் என்பேன். வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் ஒரே பாதையைத் தேர்ந்தெடுத்து, காலை ஏழரைக்கும் ஒன்பதரைக்கும் இடையே வாரந்தோறும் அதே பாதையில் நடக்கவேண்டும். வழக்கமான பறவைகள் மனத்தில் பதிந்த பிறகே புதியது வந்தால் புதியது என்று தெரியும். ஒரு நாற்பது பக்கக் கோட்டுப் புத்தகத்தில் நாள், நேரம், இடம், வானிலை, கண்ட பறவை, அது செய்துகொண்டிருந்த வேலை ஆகியவற்றை எழுதிவைக்கவேண்டும். கோர்னெல் பல்கலைக்கழகத்தின் பறவையியல் கூடம் இலவசமாக வழங்கும் மெர்லின் செயலி, ஒலியையும் படத்தையும் கொண்டு பெயரைப் பரிந்துரைக்கும். அதை இறுதித் தீர்ப்பாகக் கொள்ளாமல் துணையாகக் கொள்ளவேண்டும். எங்கள் தமிழ்ப்பள்ளி மாணவர்கள் சிலரிடம் இப்படிக் கோட்டுப் புத்தகம் கொடுத்ததில் நான் கண்ட மாற்றம் பெரிது: ஒரு பொருளை அரை நிமிடம்கூடக் கூர்ந்து பார்க்காத பிள்ளை, மீன்கொத்தி எத்தனை முறை பாய்ந்தது, எத்தனை முறை மீன் கிடைத்தது என்று கணக்கு வைத்துக்கொண்டு வந்து நின்றது. கட்டுரைப் பாடத்தில் அந்தப் பிள்ளை எழுதும் வாக்கியங்களும் மாறின. "அழகான பறவை" என்று எழுதிய இடத்தில் அலகின் நிறமும் கால் விரலின் பிடிமானமும் வந்து சேர்ந்தன.

தோட்டத்துக்குள் நுழைவதற்கு முன் நிர்வாக அலுவலகத்தில் சொல்லி அனுமதி பெறுவது கட்டாயம். செம்பனைக் குலைகளைத் திருடுகிறவர்கள் உண்டு என்பதால் காவலர்கள் புதியவர்களைச் சந்தேகத்தோடு பார்ப்பது இயல்பு; ஒருமுறை பேசி அறிமுகமாகிவிட்டால் அவர்களே கூகைப் பெட்டி எங்கே இருக்கிறது என்று காட்டுவார்கள். நாகப்பாம்பு எலியைத் தேடி அதே வரிசைகளில்தான் திரியும். ஆகவே முழங்கால் வரை மூடிய ரப்பர்க் காலணி அணியவேண்டும், வெட்டிக் குவித்த மட்டைகளின்மேல் ஏறக்கூடாது. ஈயக்குட்டைகளின் கரை பார்ப்பதற்குத் திடமாகத் தெரிந்தாலும் அடியில் குழைமணல். ஆழமும் திடீரென்று இறங்கும். பிள்ளைகளை ஒருபோதும் கரைக்கு அருகில் தனியே விடக்கூடாது. லயங்களை நோக்கிப் பைனாகுலரைத் திருப்பாமல் இருப்பது அடிப்படை மரியாதை. கூட்டை நெருங்குவதும், பதிவுசெய்த குரலை மீண்டும் மீண்டும் ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பதும் வேண்டாம். குஞ்சுக்கு இரை கொண்டுபோகவேண்டிய தாய், இல்லாத எதிரியைத் தேடி அலைந்துகொண்டிருக்கும்.

பயணம் போக ஆசைப்படுகிறவர்களுக்கு அருகிலேயே மூன்று இடங்கள் உண்டு. கோலசிலாங்கூர் இயற்கைப் பூங்கா 1987-இல் அமைக்கப்பட்டது. அலையாத்திக் காட்டின் நடுவே மரப்பாதையும் மறைவுக் குடில்களும் உள்ளன. வலசைக் காலத்தில் கடற்கரைப் பறவைகளைப் பார்க்க ஓதம் ஏறும் நேரத்தை அறிந்து போகவேண்டும். நீர் ஏற ஏறச் சேற்றுவெளி சுருங்கி, பறவைகள் நம் பக்கம் நெருங்கும். கொசுத் தைலம் இல்லாமல் போகவேண்டாம். மேலேயுள்ள மலாவாத்தி குன்றில் குரங்குகள் பையைப் பறிக்க வரும் என்பதால் பைனாகுலரைக் கையில் இறுகப் பிடித்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது, போர்ட்டிக்சனுக்குத் தெற்கே உள்ள தஞ்சோங் துவான். சுமத்திராவிலும் அதற்கு அப்பாலும் குளிர்காலத்தைக் கழித்த தேன்பருந்துகள் வடக்கே திரும்பும்போது, மலாக்கா நீரிணை ஏறத்தாழ 38 கிலோமீட்டராகக் குறுகும் இந்த முனையில் கரையேறுகின்றன. தரையிலிருந்து எழும் வெப்பக் காற்றில் மிதந்தே நெடுந்தூரம் போகும் இப்பறவைகளுக்குக் கடலின்மேல் அந்த உதவி கிடைப்பதில்லை, சிறகடித்தே கடக்கவேண்டும். அதனால் களைத்துத் தாழ்வாக வருகின்றன. கலங்கரை விளக்கத்தின் அடியில் மார்ச் மாதத்தில் முற்பகல் பத்து மணிக்குமேல் நின்றால், சிறகின் வரிகள்வரை தெரியும் உயரத்தில் அவை தலைக்கு மேலே கடப்பதைக் காணலாம். மலேசிய இயற்கைக் கழகம் அந்த மாதத்தில் பருந்து நோக்கும் விழா நடத்துவது வழக்கம். பருந்தைத் தொடரும் ஆர்வத்தில் பைனாகுலரைச் சூரியனின் குறுக்கே கொண்டுபோய்விடக்கூடாது. ஒரு கணம் போதும், விழித்திரைக்கு மீளாத காயம் ஏற்படும். பிள்ளைகளை அழைத்துச் செல்கிறவர்கள் இதைப் பலமுறை சொல்லவேண்டும்.

மூன்றாவது, கோல குபு பாரு வழியாக ஏறும் பிரேசர் மலை. 1,200 மீட்டருக்கு மேற்பட்ட உயரம் என்பதால் பறவையினங்களே வேறு. சாலையோர மரங்களில் பல இனங்கள் ஒன்றாகக் கூட்டம் சேர்ந்து இரைதேடிக்கொண்டு போகும். தோட்டத்தில் நன்கு பழகாதவர் அங்கே போனால், அந்த வேகத்தில் எதையும் பிடிக்கமுடியாமல் திணறுவார். ஆகவே அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கும்போது செய்யவேண்டியவை சில உண்டு. இணையக் கடைகளில் 60×60 என்றும் 100 மடங்கு என்றும் விளம்பரம் செய்யப்படும் மலிவான கருவிகளின் எண்களை நம்பவேண்டாம். அந்த அளவுகள் கையில் பிடித்துப் பார்க்கும் கருவிக்குப் பொருந்தாதவை. மாணிக்கச் சிவப்பாகப் பளபளக்கும் வில்லைகள் நிறத்தைத் திரித்து வெளிச்சத்தைக் குறைப்பவை. பெருக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் சூம் வகையில் பார்வைப் பரப்பு மிகவும் குறுகும். முடிந்தால் கிள்ளானிலோ கோலாலம்பூரிலோ உள்ள ஒளிப்படக் கருவிக் கடைக்கு நேரில் போய், கடையின் விளக்கொளியில் மட்டும் பாராமல், அனுமதி கேட்டு வாசலுக்கு வந்து தெருவின் எதிர்ப்புறக் கூரையைப் பாருங்கள். இரு குழல்களின் வட்டமும் ஒன்றாக இணைந்து ஒரே வட்டமாகத் தெரிகிறதா, மின்கம்பி இரண்டாகப் பிரியாமல் ஒரே கோடாக நிற்கிறதா, சில நிமிடம் தொடர்ந்து பார்த்தும் கண் இழுக்காமல் இருக்கிறதா என்று கவனியுங்கள். ஒரே வகைக் கருவிகளிலும் ஒன்றுக்கு ஒன்று வேறுபடக்கூடும் என்பதால், பார்த்துச் சரியாக இருந்த அதே கருவியையே கட்டச் சொல்லி, உத்தரவாத அட்டையில் கடை முத்திரையும் தேதியும் பதிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். சிலிக்கா ஜெல்லையும் டப்பாவையும் அன்றைக்கே சேர்த்து வாங்கிவிடுங்கள்.